மூன்றில் இரண்டு

இரவு ஒன்று ஐம்பதுக்கு
ஊர்காவற்றுறைச் சேர்வரைச் சபையிலிருந்து எழுப்பினேன்.
வழமையான பராமரிப்புத்தான்.
புது வேலை கொடுப்பதை முதலில் நிப்பாட்டி,
கையிலிருந்ததை முடிக்கவிட்டு,
பிறகுதான் போய்வா என்பது.
பேச்சின் நடுவில்
யாரையும் இழுத்து எழுப்புவதில்லை.

மிச்சம் யாழ்ப்பாணம், பருத்தித்துறை.
மூன்றில் இரண்டு தலையசைத்தால் அது நடந்தது.
ஒன்று மட்டும் சொன்னால்
இன்னும் நடக்கவில்லை,
நடந்தேயிருந்தாலும்.

குளிரூட்டிக்குள் எத்தனை பை இரத்தம்,
எந்த வகை, எந்தத் தட்டு, யாருக்கென்று ஒதுக்கியது:
இந்த மூன்று பெட்டிகளுக்கும் தெரிந்த உலகம்
இவ்வளவுதான்.

இரண்டு ஏழுக்கு
நெல்லியடியில் ஒரு மணல் லொறி
தந்திக்கம்பத்தை முட்டியது.
எனக்கு அது விடிந்த பிறகுதான் தெரியும்.
அப்போது தெரிந்ததெல்லாம்
பருத்தித்துறை வாய்மூடியது.
செத்ததா, நாங்கள் கேட்காத இடத்தில்
தனக்குள் கதைத்துக்கொண்டிருக்கிறதா,
மௌனத்திடம் கேட்டு அறிய முடியாது.

யாழ்ப்பாணம் தனி.
எழுதுவதை நிறுத்திவிட்டது.
போன வருடம் நானே வகுத்த விதி,
பகல் வெளிச்சத்தில், தேத்தண்ணி குடித்துக்கொண்டு.

போன். சத்திரசிகிச்சை மாடியிலிருந்து
தாதி அருள்நங்கை.
"ஓ நெகற்றிவ், கடைசிப் பை, எடுத்தாச்சு.
ஆளுக்கு ஏறுது. உங்கடை திரை பதிய விடுகுதில்லை."
"ஒருக்காப் பொறுங்கோ."
"இரத்தம் பொறுக்காது பிள்ளை."

ஊர்காவற்றுறையிலிருந்து றெக்சனின் குறுஞ்செய்தி:
கட்டாயப்படுத்தி எழுது, ஒரு வரிதானே.
ஓம், ஒரு வரி.
விரல் அதன் பாதிவரை போனது.

ஒரு பட்டியலில் இருந்தவர்
இன்னொன்றில் இல்லாமற் போனால்
இந்த ஊரில் ஒரு வீடு
இரண்டு பட்டியலையும் எத்தனை வருடம்
மடித்து வைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.
அதை இதற்குள் இழுக்கத் தேவையில்லை.
இழுத்துவிட்டேன்.

அரை வரியை அழித்தேன்.
"பேனை இருக்கோ?"
"இருக்கு. கடதாசி கீழை."
"கையிலை எழுதுங்கோ. பை இலக்கம், நேரம்."
"இதுக்கோ கம்பியூட்டர் வாங்கினது?"
"இதுக்குத்தான்."

ஊர்காவற்றுறை எழும்ப இன்னும் பதினொரு நிமிடம்.
எண்பத்தெட்டு வீதத்தில் நின்று
ஆறுதலாய் மூச்சு விட்டது.
நான் கதிரையைச் சுவரோடு தள்ளி வைத்தேன்,
திரும்ப இழுத்தேன்.

எழும்பியது.
எழும்பிய கையோடு
ஒன்று ஐம்பதின் உலகத்தைச் சொல்லத் துடித்தது,
நித்திரையால் எழும்பிச் சந்தைக்கு வந்தவன்
நேற்றைய மீன் விலையைச் சொல்வதுபோல.
படலையிலேயே மறித்தேன். முதலில் கேள்.
யாழ்ப்பாணம் பொத்திவைத்திருந்த குறிப்புகளை
ஒவ்வொன்றாய் ஒப்படைத்தது.
பதினேழு நிமிடம், ஒன்பது குறிப்பு.

இரண்டு முப்பத்தொன்று. இப்போது இருவர்.
அருள்நங்கை தன் மணிக்கட்டை வாசித்து வாசித்துத் தட்ட,
கடைசிப் பை
எண்ணிக்கையிலும் இல்லாமற் போனது.

விடிய ஐந்தரைக்குப் பருத்தித்துறை திரும்பியது,
அந்தப் பை இன்னும் தட்டில் இருக்கிறதென்ற
முழு நம்பிக்கையோடு.
திருத்தும்போது அதன் பதிவில் கண்டேன்:
இரண்டு பத்தொன்பது, அதே பை,
அங்கே ஒரு வைத்தியர் கேட்டிருக்கிறார்.
மூன்று தரம் அமத்தியிருக்கிறார்.
மூன்று தரமும் இல்லை.
ஏசிவிட்டுத் தெல்லிப்பழைக்குப் போன் எடுத்தாராம்.
அந்த இல்லை இல்லையென்றால்
இருட்டுக்குள் ஒரு வான்
இருபது மைல் வந்திருக்கும்
வெறும் தட்டுக்கு.

ஏழு மணிக்கு ஒரு படம் வந்தது.
மணிக்கட்டு, மங்கிய நீலம்.
"ஸ்பிரிற் போட்டும் போகுதில்லை."
என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல்
அதற்கும் ஒரு பிரதி எடுத்து வைத்தேன்.

நாளை இரவு பருத்தித்துறையின் முறை.
ஒரு கிழமை தள்ளிவிட்டேன்.
கம்பம் இன்னும் சரிந்துதான் கிடக்கிறதாம்.
வயரைத் தூக்கி ஒரு வேப்பங்கொப்பில் கட்டியிருக்கிறார்கள்.
காற்றடிக்கும்போது
ஒரு சொல் பிந்தி வருகிறது.